இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

டோக்கியோவின் நரிட்டா விமான நிலையத்திலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் பறக்க ஏறத்தாழ ஒன்பதரை மணி நேரம் ஆகும். அங்கிருந்து நரிட்டாவுக்குத் திரும்பிவர ஏறத்தாழ பதினொரு மணி நேரம். போகிற தூரமும் வருகிற தூரமும் ஒன்றுதான். இதைவிட வியப்பானது ஒன்று உண்டு. குளிர்காலத்தில் மாலை 5 மணிக்கு நரிட்டாவில் கிளம்பியவர், சான் பிரான்சிஸ்கோவில் இறங்கிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தால் அதே தேதியில் காலை 9.30 ஆகியிருக்கும். கிளம்புவதற்கு ஏழரை மணி நேரம் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்ட கணக்கு.

இந்த எண்கள் எல்லாமே சரியானவை. தூரத்தைக் கணித்துச் சொல்லும் கருவி எதில் வேண்டுமானாலும் இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்துப் பாருங்கள், ஒரு தூரமும் ஒரு நேரமும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும். இரண்டையும் ஒரே அளவு நம்பக் கூடாது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. தூரத்தைப் பூமியின் வடிவம் தீர்மானிக்கிறது. அடுத்த வருடம் கேட்டாலும் அதே விடைதான் வரும். நேரத்தைத் தீர்மானிப்பவை பல: அன்று வீசும் காற்று, எந்த நாட்டின் வான்வெளி திறந்திருக்கிறது என்பது, ஓடுபாதையில் எத்தனை விமானங்கள் வரிசையில் நிற்கின்றன என்பது, கடைசியாக இறங்கும் ஊரின் கடிகாரம். தூரம் எளிது, அதை முதலில் முடித்துவிடலாம்.

எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு

ஒரு பெரிய விமான நிலையம் பல கிலோமீட்டர் பரந்து கிடக்கும். கணக்குப் போட ஒரு புள்ளி வேண்டும். அதற்காக ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் ஒரு குறிப்புப் புள்ளி அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் அது ஓடுபாதைகளின் நடுவை ஒட்டி அமைந்திருக்கும். அந்தப் புள்ளியின் அட்சரேகையும் தீர்க்கரேகையும்தான் கணக்கில் நுழைகின்றன. ஊரின் மையத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நரிட்டா, டோக்கியோவின் மையத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது. டோக்கியோவின் மற்றொரு விமான நிலையமான ஹனேடா நகரத்துக்குள்ளேயே, கடலோரமாக இருக்கிறது. ஆகவே ‘டோக்கியோவிலிருந்து எவ்வளவு தூரம்’ என்ற கேள்வி அரைகுறையானது. லண்டன், நியூயார்க் போன்ற ஊர்களுக்கும் இதேதான்.

ஊர்ப் பெயரைவிட, விமான நிறுவனங்களின் சர்வதேசச் சங்கமான ஐயாட்டா கொடுத்திருக்கும் மூன்றெழுத்துக் குறியீட்டை நம்புவது நல்லது. சான் ஹோசே என்று தேடினால் கலிஃபோர்னியாவில் ஒன்றும் கோஸ்டா ரிக்காவில் ஒன்றும் கிடைக்கும். முதலாவதின் குறியீடு எஸ்.ஜே.சி., இரண்டாவதின் குறியீடு எஸ்.ஜே.ஓ. ஆஸ்திரேலியாவின் சிட்னி என்று நினைத்துப் பயணச்சீட்டு எடுத்து, கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் உள்ள சிட்னியில் போய் இறங்கியவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள்.

வளைந்து தெரிகிற நேர்வழி

உலக வரைபடத்தில் டோக்கியோவும் சான் பிரான்சிஸ்கோவும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கின்றன. ஒன்று 36 பாகை வடக்கு, மற்றொன்று 38 பாகை வடக்கு. அளவுகோலை வைத்து இரண்டையும் இணைத்தால் பசிபிக்கின் குறுக்கே கிழக்கு நோக்கி ஒரு கோடு விழும். அதுதான் குறுக்குவழி என்று கண் சொல்லும். கண் ஏமாறும் இடம் இதுதான்.

பள்ளிக்கூடத்தில் இருக்குமே பூகோள உருண்டை, அது கையருகே இருந்தால் ஒரு நூலை எடுத்து இரண்டு ஊர்களையும் தொடும்படி இழுத்துப் பிடியுங்கள். நூல் இறுக இறுக, தானாகவே வடக்கே ஏறும். நடுப்பசிபிக்கில் அது 48 பாகை வடக்கைத் தொட்டுவிட்டுத்தான் கீழே இறங்கும். உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே மிகக் குறைந்த தூரம் இந்த நூல் விழும் வழிதான். அந்த நூலை இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டே போனால் பூமியைச் சரிபாதியாக வெட்டும் ஒரு வட்டம் கிடைக்கும். அதைப் பெருவட்டம் என்பார்கள். பூமத்திய ரேகை ஒரு பெருவட்டம். எல்லாத் தீர்க்கரேகைகளும் பெருவட்டத்தின் பாதிகள். பூமத்திய ரேகையைத் தவிர மற்ற அட்சரேகைகள் எவையும் பெருவட்டம் ஆகமாட்டா, அவை துருவத்தை நெருங்க நெருங்கச் சிறுத்துக்கொண்டே போகும் வளையங்கள். ஒரே அட்சரேகையைப் பிடித்துக்கொண்டு கிழக்கே போவது சுற்றுவழியாக மாறுவது அதனால்தான்.

எவ்வளவு சுற்று? வரைபடத்தில் நேராகத் தெரியும் வழியில் போனால் சுமார் 8,670 கிலோமீட்டர். பெருவட்ட வழியில் சுமார் 8,230. வித்தியாசம் 440 கிலோமீட்டர், அதாவது அரை மணி நேரப் பறத்தலும் அதற்கான எரிபொருளும். பூமத்திய ரேகைக்கு அருகில் உள்ள இரண்டு ஊர்களுக்கு இந்த வித்தியாசம் அநேகமாக ஒன்றுமே இராது. வடக்கே போகப்போக, கிழக்கு மேற்காக விலக விலக அது பெருகும்.

வரைபடத்தின் மேல் பழி போட வேண்டியதில்லை. நாம் அதிகம் பார்க்கும் வரைபடம் ஜெரார்டஸ் மெர்க்கேட்டர் 1569-இல் கடலோடிகளுக்காக வரைந்த முறையில் அமைந்தது. திசைகாட்டியின் ஒரே கோணத்தைப் பிடித்துக்கொண்டு போகிற வழி அதில் நேர்கோடாக விழும். அன்றைய மாலுமிக்குத் தேவைப்பட்டது அதுதான். அந்த வசதிக்கு விலையாகத் துருவப் பக்கத்து நிலங்கள் ஊதிப் பெருத்துத் தெரிகின்றன, மிகக் குறுகிய வழி வளைந்து தெரிகிறது.

தூரத்தை நாமே கணக்கிடலாம்

இந்தத் தூரத்தைக் கணக்கிட ஹாவர்சைன் என்ற சூத்திரம் பயன்படுகிறது. கடலில் வழி கண்டுபிடிக்கும் கலைக்காக உருவான கணிதம் இது. ‘ஹாவர்சைன்’ என்ற பெயரை ஜேம்ஸ் இன்மன் 1835-இல் வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். பத்தாம் வகுப்பு முக்கோணவியல் தெரிந்த யாரும் ஒரு கால்குலேட்டரோடு உட்கார்ந்து போட்டுவிடலாம். ஒரு முறையாவது கையால் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம், ஏனென்றால் அதற்குப் பிறகு திரையில் வரும் எண் அந்நியமாகத் தெரியாது.

நரிட்டா 35.765 பாகை வடக்கு, 140.386 பாகை கிழக்கு. சான் பிரான்சிஸ்கோ 37.619 பாகை வடக்கு, 122.375 பாகை மேற்கு. மேற்கைக் கழித்தல் எண்ணாக எடுக்க வேண்டும். 140.386-இலிருந்து கழித்தல் 122.375-ஐக் கழித்தால் 262.761 வரும், அது பூமியைச் சுற்றி நீண்ட பக்கமாகப் போகும் கோணம். 360-இலிருந்து அதைக் கழித்தால் குறுகிய பக்கம் 97.239 பாகை.

இனி நான்கே படிகள். அட்சரேகைகளின் வித்தியாசம் 1.854 பாகை, அதில் பாதிக்குச் சைன் கண்டு வர்க்கப்படுத்தினால் 0.00026. தீர்க்கரேகை வித்தியாசத்தில் பாதிக்கும் அப்படியே செய்தால் 0.5630, அதை இரண்டு அட்சரேகைகளின் கொசைன்களாலும் பெருக்கினால் 0.3619. இரண்டையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 0.6018. எந்தக் கோணத்தின் சைன் இது என்று பார்த்து, அதை இரட்டித்தால் 74 பாகை. பூமியின் மையத்தில் நின்று பார்த்தால் இரண்டு விமான நிலையங்களும் இந்தக் கோணத்தில் விலகி நிற்கின்றன. ஒரு பாகைக்கு 111.2 கிலோமீட்டர் வீதம் பெருக்கினால் 8,228 கிலோமீட்டர்.

இந்தக் கணக்கு பூமியை 6,371 கிலோமீட்டர் ஆரமுள்ள சரியான கோளம் என்று வைத்துக்கொள்கிறது. உண்மையில் பூமி துருவங்களில் சற்றே தட்டையானது: மையத்திலிருந்து பூமத்திய ரேகைக்கு 6,378 கிலோமீட்டர், துருவத்துக்கு 6,357. இதையும் கணக்கில் எடுக்கும் சூத்திரத்தை தாடியஸ் வின்சென்டி 1975-இல் வெளியிட்டார். கோளக் கணக்கில் வரும் பிழை அரை சதவீதத்துக்கு உட்பட்டதுதான், ஆகவே பயணிக்கு ஹாவர்சைனே போதும். ஒரே இணைக்கு இரண்டு கருவிகள் பத்திருபது கிலோமீட்டர் வித்தியாசமாகச் சொன்னால், ஒன்று கோளத்தையும் மற்றொன்று தட்டைக் கோளத்தையும் எடுத்திருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

விமானிகள் கிலோமீட்டரில் பேசமாட்டார்கள், கடல் மைலில் பேசுவார்கள். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். பழக்கத்தால் மட்டும் இது நிலைத்துவிடவில்லை. ஒரு பாகையை 60 கலைகளாகப் பிரித்தால், பூமியின் மேல் ஒரு கலைக்குரிய தூரமே ஏறத்தாழ ஒரு கடல் மைல். நம் 74 பாகையை 60-ஆல் பெருக்கினால் 4,440 கடல் மைல் என்று உடனே வந்துவிடும். மணிக்கு ஒரு கடல் மைல் வேகத்துக்கு நாட் என்று பெயர்.

விமானம் அந்தக் கோட்டிலேயே பறப்பதில்லை

பெருவட்டத் தூரம் என்பது கீழ் எல்லை. எந்த விமானமும் அதைவிடக் குறைவாகப் பறக்க முடியாது, பெரும்பாலானவை அதைவிடக் கூடுதலாகவே பறக்கின்றன. தொடக்கத்திலேயே கூடுதல் வந்துவிடுகிறது: விமானம் காற்றை எதிர்த்து மேலெழும்ப வேண்டும் என்பதால், கிழக்கே போக வேண்டியது மேற்கு நோக்கிக் கிளம்பித் திரும்பலாம். இறங்கும்போதும் அப்படித்தான். நெரிசலான நேரத்தில் லண்டன் ஹீத்ரோவுக்கு வரும் விமானங்கள் நகரத்தைச் சுற்றி நிர்ணயிக்கப்பட்ட நான்கு இடங்களில் வட்டமடித்துக் காத்திருப்பது அன்றாட நடைமுறை.

நடுவழியில் வேறு காரணங்கள். வட அட்லாண்டிக்கின் மேல் பறக்கும் நூற்றுக்கணக்கான விமானங்களுக்காக அன்றைய காற்றைப் பார்த்து வழித்தடங்களைத் தினமும் புதிதாக வகுக்கிறார்கள்; பகலில் மேற்கு நோக்கிப் போகிறவர்களுக்கு ஒரு தொகுதி, இரவில் கிழக்கு நோக்கிப் போகிறவர்களுக்கு ஒரு தொகுதி. நேற்றுப் போன தடம் இன்று இருக்காது. இரண்டு எஞ்சின் விமானங்களுக்கு இன்னொரு விதி உண்டு. ஒரு எஞ்சின் நின்றுபோனால், மற்றொன்றை வைத்துக்கொண்டு குறித்த நிமிடங்களுக்குள் ஏதாவது ஒரு விமான நிலையத்தை எட்டும்படியாகத்தான் வழி அமைய வேண்டும். ஒரு காலத்தில் இந்த வரம்பு 60 நிமிடம். 1985-இல் 120 நிமிடமாக உயர்ந்தது. இன்றைய ஏர்பஸ் ஏ350-க்கு 370 நிமிடம்வரை அனுமதி இருக்கிறது. வரம்பு கூடக் கூட, கடல்மேல் விமானங்களின் வழி அந்தப் பெருவட்ட நூலை நெருங்கி வந்தது. திபெத்தியப் பீடபூமியின் மேல் விமானங்கள் அதிகம் போகாததற்கும் பாதுகாப்பே காரணம். விமானத்துக்குள் காற்றழுத்தம் போய்விட்டால் சுமார் 10,000 அடி உயரத்துக்கு விரைந்து இறங்க வேண்டும். அங்கே தரையே அதைவிட உயரம்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றத்தை அரசியல் செய்யும். ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்குப் பெருவட்டத் தூரம் 8,000 கிலோமீட்டருக்கும் குறைவு. அந்தக் கோடு பெரும்பகுதி ரஷ்யாவின் மேல்தான் போகிறது. 2022 வரை பின்லாந்தின் ஃபின்ஏர் நிறுவன விமானங்கள் ஒன்பதரை மணி நேரம் போலப் பறந்து அங்கே போய்ச் சேர்ந்தன. ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் நடுவே மிகக் குறுகிய இணைப்பு என்பதே அந்த நிறுவனத்தின் பலம். 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கி, ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடப்பட்டது. அதன் பிறகு அதே பயணத்துக்கு 13 மணி நேரம் போல ஆனது, சில நாட்களில் வட துருவத்தின் மேலாகவே சுற்றிப் போனார்கள். இரண்டு ஊர்களும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. கணிப்புக் கருவி இன்றும் பழைய தூரத்தையே சொல்லும்.

வேகம்: காற்றுக்குள்ளே ஒன்று, தரைமேல் ஒன்று

இன்றைய பயணிகள் ஜெட் விமானங்களின் வேகத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. நெடுந்தூரம் போகும் போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்றவை மாக் 0.85-ஐ ஒட்டிப் பறக்கின்றன. குறுந்தூரத்துக்கான ஏ320, போயிங் 737 வகைகள் மாக் 0.78-ஐ ஒட்டி. மாக் 1 என்பது ஒலியின் வேகம். உயரத்தில் காற்று கழித்தல் 56 பாகை செல்சியஸ் அளவுக்குக் குளிர்ந்திருப்பதால் அங்கே ஒலியின் வேகம் குறைவு, மணிக்குச் சுமார் 1,060 கிலோமீட்டர். ஆகவே மாக் 0.85 என்றால் ஏறத்தாழ 900 கிலோமீட்டர், மாக் 0.78 என்றால் 830.

தாமதமாகக் கிளம்பினால் விமானி வேகமாக ஓட்டி நேரத்தைப் பிடித்துவிடுவார் என்று பலரும் நம்புகிறோம். மாக் 0.85-ஐ 0.87 ஆக்கினால் ஒன்பது மணி நேரப் பயணத்தில் மிச்சமாவது 12 நிமிடம் போலத்தான். அதற்கு மேல் போனால் காற்றின் இழுவிசை சட்டென்று ஏறும், எரிபொருள் கரையும். ஒலியைவிட இரு மடங்கு வேகத்தில் பறந்த கான்கார்டு, 1996 பிப்ரவரி 7 அன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 2 மணி 52 நிமிடம் 59 விநாடியில் போனது. 2003-இல் அது ஓய்வுபெற்ற பிறகு எல்லாரும் ஒலிக்குக் கீழேதான்.

விமானம் வேறெங்கிருந்து நேரத்தைச் சேமிக்கும்? காற்றிலிருந்து. மேலே சொன்ன 900 கிலோமீட்டர், விமானம் தன்னைச் சுற்றியுள்ள காற்றை ஊடுருவிப் போகும் வேகம். அந்தக் காற்றே ஒரு பக்கமாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஆற்றின் போக்கில் துடுப்புப் போடுகிற படகு கரையிலிருந்து பார்ப்பவருக்கு வேகமாகப் போவதும், எதிர்த்து வரும்போது அதே உழைப்புக்கு மெதுவாக நகர்வதும் போலத்தான் இது. தரைமேல் வேகம் என்பது காற்றுவேகத்தோடு காற்றின் ஓட்டத்தைக் கூட்டியோ கழித்தோ வருவது.

ஜெட் விமானங்கள் பறக்கும் 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், நடு அட்சரேகைகளில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு குறுகலான வேகக் காற்று பூமியைச் சுற்றி ஓடுகிறது. இதுதான் ஜெட் ஸ்ட்ரீம். குளிர்காலத்தில் இது வலுக்கும். ஜப்பானுக்கு மேலே மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும் நாட்களும் உண்டு. இதை முதலில் அளந்து பதிவு செய்ததும் ஒரு ஜப்பானியர்தான். வசபுரோ ஓயிஷி என்ற வானிலையாளர் 1920-களில் பலூன்களைப் பறக்கவிட்டு இந்தக் காற்றைக் கண்டார். உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று தன் ஆய்வை, எல்லா நாட்டினருக்கும் பொதுவாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். அந்த மொழியைப் படித்தவர்கள் மிகச் சிலர் என்பதால் கவனிப்பாரில்லாமல் போனது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானின் மேல் உயரத்தில் பறந்த அமெரிக்க விமானங்கள் எதிர்க்காற்றில் கிட்டத்தட்ட நகராமல் தவித்தபோதுதான் அதன் பலம் மற்றவர்களுக்கு உறைத்தது.

இப்போது தொடக்கத்தில் சொன்ன புதிரைக் கணக்காகவே பார்த்துவிடலாம். 8,230 கிலோமீட்டர், மணிக்கு 900 கிலோமீட்டர், காற்றே இல்லை என்றால் 9 மணி 9 நிமிடம். வழி நெடுக சராசரியாக 100 கிலோமீட்டர் வேகத்தில் மேற்குக் காற்று வீசுகிறது என்று வையுங்கள். கிழக்கே போகும்போது தரைமேல் வேகம் 1,000. பயணம் 8 மணி 14 நிமிடம். மேற்கே திரும்பும்போது வேகம் 800. பயணம் 10 மணி 17 நிமிடம். இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம்.

இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அடுத்து வருவது. போகும்போது மிச்சமானது 55 நிமிடம். வரும்போது இழந்தது 68 நிமிடம். போனதில் கிடைத்தது வந்ததில் சரியாகக் கழிந்துவிடும் என்றுதான் மனம் எதிர்பார்க்கும், அப்படி ஆவதில்லை. காரணம், சாதகமான காற்றில் விமானம் குறைந்த நேரமே இருக்கிறது. பாதகமான காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறது. வழி நெடுக ஒரே மாதிரி வீசும் காற்று எவ்வளவு பலமாக இருந்தாலும், அதே கோட்டில் போய்வர ஆகும் மொத்த நேரத்தைக் கூட்டவே செய்யும். விமான நிறுவனங்கள் இதனால்தான் போகும் வழியையும் வரும் வழியையும் வேறு வேறாக வகுக்கின்றன: கிழக்கே போகும்போது ஜெட் ஸ்ட்ரீமைத் தேடிப் போய் அதில் ஏறிக்கொள்வது, மேற்கே வரும்போது அதற்கு வடக்கே ஒதுங்கிக்கொள்வது. தூரம் சில நூறு கிலோமீட்டர் கூடினாலும் நேரமும் எரிபொருளும் குறையும்.

காற்று நிஜமாகவே கைகொடுத்த நாள் ஒன்று. 2020 பிப்ரவரியில் கியாரா புயல் அட்லாண்டிக்கைக் கடந்துகொண்டிருந்தபோது, பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. வழக்கமாக அதற்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு கட்டத்தில் அதன் தரைமேல் வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. இது ஒலியை மிஞ்சிய பயணம் என்று சிலர் எழுதினார்கள், அது சரியில்லை. தன்னைச் சுற்றியிருந்த காற்றைப் பொறுத்தவரை விமானம் வழக்கமான வேகத்தில்தான் போனது. மிச்சத்தைக் காற்று சுமந்தது.

பக்கத்து ஊருக்கு ஏன் இவ்வளவு நேரம்

நெடும்பயணத்தில் காற்று ராஜா என்றால், குறும்பயணத்தில் மேலேறுவதும் கீழிறங்குவதும்தான் ராஜா. 300 கிலோமீட்டர் தூரத்தை 830 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்தால் 22 நிமிடம் வரும். அட்டவணையைப் பார்த்தால் ஒரு மணி நேரம் போட்டிருக்கும். ஏமாற்று ஏதுமில்லை. 35,000 அடி உயரத்திலிருந்து இறங்கும் விமானம், ஆயிரம் அடிக்கு மூன்று கடல் மைல் என்ற விமானிகளின் மனக்கணக்குப்படி, 105 கடல் மைல் முன்னாலேயே, அதாவது சுமார் 195 கிலோமீட்டருக்கு முன்பே இறங்கத் தொடங்கிவிட வேண்டும். ஏறுவதற்கும் இதேபோல ஒரு பெரிய பகுதி போய்விடும். 300 கிலோமீட்டரில் மிச்சம் என்ன இருக்கிறது? அதனால் இத்தகைய விமானங்கள் முழு உயரத்தை எட்டுவதே இல்லை. பல நாடுகளில் 10,000 அடிக்குக் கீழே 250 நாட், அதாவது மணிக்கு 463 கிலோமீட்டர் என்ற வேக வரம்பும் உண்டு.

இதன் உச்சம் ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் இருக்கிறது. வெஸ்ட்ரேக்கும் பாப்பா வெஸ்ட்ரேக்கும் நடுவே 2.7 கிலோமீட்டர். லோகன்ஏர் நிறுவனத்தின் சிறிய விமானம் இரண்டு நிமிடத்துக்குள் அதைக் கடந்துவிடும். காற்று சாதகமாக இருந்த ஒருமுறை 53 விநாடியில் கடந்திருக்கிறது. உலகின் மிகக் குறுகிய பயணிகள் விமானப் பயணம் அதுதான்.

பயணச்சீட்டில் இருக்கும் நேரம் எது

பறக்கும் நேரம் என்றால் சக்கரம் தரையை விட்டு எழுந்ததிலிருந்து மறுபடி தரையைத் தொடும்வரை. பயணச்சீட்டில் இருப்பது அது அல்ல. வாயிலில் நிற்கும் விமானம் பின்னோக்கி நகரத் தொடங்குவதிலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் வாயிலுக்கு வந்து நிற்பதுவரைக்கும் உள்ள நேரம் அது. இதற்கு பிளாக் நேரம் என்று பெயர். ஓடுபாதைவரை ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்கிய பிறகு வாயிலைத் தேடி ஊர்வது எல்லாம் இதற்குள் அடங்கும்.

அட்டவணை போடும்போது நிறுவனங்கள் இதில் சற்றுத் தாராளமாகவே நேரம் வைக்கின்றன. வழக்கமான நெரிசலுக்கும் பருவத்துக்கு ஏற்ற காற்றுக்கும் இடம் விட்டால்தான் விமானங்கள் சொன்ன நேரத்துக்கு வந்துசேரும், இணைப்பு விமானத்தைப் பயணிகள் தவறவிடமாட்டார்கள். இருபது நிமிடம் தாமதமாகக் கிளம்பிய விமானம் சரியான நேரத்தில் இறங்குவதன் காரணம் பெரும்பாலும் இதுதான். ஒரே விமானத்துக்குக் குளிர்கால அட்டவணையில் ஒரு நேரமும் கோடைக்கால அட்டவணையில் வேறு நேரமும் இருப்பது காற்றை முன்னிட்டுத்தான்.

கடிகாரம் செய்யும் மாயம்

பயணச்சீட்டில் அச்சாகும் கிளம்பும் நேரம் கிளம்பும் ஊருடையது, சேரும் நேரம் சேரும் ஊருடையது. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் பயண நேரம் வரும் என்று நினைப்பதுதான் புதிதாகப் பயணம் செய்வோர் எல்லாரும் சந்திக்கும் குழப்பம். வழி எளிது: இரண்டையும் உலகப் பொது நேரத்துக்கு, அதாவது யு.டி.சி.க்கு மாற்றிவிட்டுக் கழியுங்கள்.

டோக்கியோ பொது நேரத்தைவிட 9 மணி முன்னால். சான் பிரான்சிஸ்கோ குளிர்காலத்தில் 8 மணி பின்னால், கோடையில் 7 மணி பின்னால். டோக்கியோவில் மாலை 5 என்பது பொது நேரத்தில் காலை 8. ஒன்பதரை மணி நேரம் கூட்டினால் மாலை 5.30. அதிலிருந்து 8 கழித்தால் காலை 9.30. முதலில் பார்த்த புதிர் அவிழ்ந்தது. திரும்பும்போது சான் பிரான்சிஸ்கோவில் காலை 11 மணிக்குக் கிளம்பிப் பதினொரு மணி நேரம் பறந்தால், டோக்கியோவில் மறுநாள் பிற்பகல் 3 மணி. கடிகாரத்தை மட்டும் பார்ப்பவருக்கு 28 மணி நேரம் பயணம் செய்தது போல இருக்கும். அட்டவணையில் சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் சிறிதாக ‘+1’ என்று இருக்கும். மறுநாள் என்று பொருள். தங்குமிடம் முன்பதிவு செய்யும்போது அந்தச் சிறிய எண்ணைத் தவறவிட்டால் ஒரு நாள் வாடகை வீணாகும்.

இதில் மிக விசித்திரமான இணை சமோவாவும் அமெரிக்க சமோவாவும். இரண்டும் பசிபிக்கில் பக்கத்துப் பக்கத்துத் தீவுகள், அரை மணி நேரம் போலப் பறந்தால் போதும். 2011 டிசம்பரில் சமோவா, உலகில் தேதி மாறும் எல்லையான தேதிக் கோட்டின் மறுபக்கத்துக்கு மாறிக்கொண்டது. அதற்காக டிசம்பர் 30 என்ற நாளையே தன் நாட்காட்டியிலிருந்து விட்டுவிட்டது. இப்போது இரண்டுக்கும் நடுவே முழுதாக 24 மணி நேர வித்தியாசம். சமோவாவில் திங்கட்கிழமை காலை கிளம்பினால் ஞாயிற்றுக்கிழமை காலையில் இறங்கலாம்.

கையிலேயே ஒரு மதிப்பீடு

கருவி எதுவும் இல்லாதபோது நான் சொல்லும் வழி இது. பெருவட்டத் தூரத்தை எடுங்கள். 1,500 கிலோமீட்டருக்கு மேல் என்றால் 850-ஆல் வகுத்து, ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஊர்வதற்குமாக முக்கால் மணி நேரம் கூட்டுங்கள். நெடுந்தூரமாகவும் நடு அட்சரேகைகளில் கிழக்கு மேற்காகவும் அமைந்த பயணம் என்றால், கிழக்கே போகும்போது பத்தில் ஒரு பங்கு குறையுங்கள், மேற்கே போகும்போது பத்தில் ஒரு பங்கு கூட்டுங்கள். வடக்கு தெற்காகப் போனால் எதுவும் மாற்ற வேண்டாம். நடுவே மூடப்பட்ட வான்வெளி இருந்தால் இந்த மதிப்பீடு உதவாது. அங்கே அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும்.

பழகிப் பார்க்க ஓர் அழகான இணை சிங்கப்பூரும் நியூயார்க்கின் ஜே.எஃப்.கே. நிலையமும். இரண்டின் தீர்க்கரேகைகளும் ஏறத்தாழ 178 பாகை விலகியிருக்கின்றன, அதாவது பூமியின் நேர் எதிர்ப் பக்கங்களில். அப்படியானால் பெருவட்டம் வட துருவத்தை ஒட்டியே போக வேண்டும், ஹாவர்சைன்கூடத் தேவையில்லை. சிங்கப்பூரிலிருந்து துருவத்துக்கு 88.6 பாகை, துருவத்திலிருந்து நியூயார்க்குக்கு 49.4 பாகை, கூட்டினால் 138. ஒரு பாகைக்கு 111.2 கிலோமீட்டர் வீதம் 15,350 கிலோமீட்டர் போல வருகிறது. உலகின் மிக நீண்ட இடைநில்லாப் பயணங்களில் ஒன்றான இதை சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் பறந்து முடிக்கிறது. ஆனால் அந்த விமானங்கள் துருவத்தை நாடுவது குறைவு. நியூயார்க்குக்குப் போகும்போது பசிபிக்கைக் கடந்து கிழக்கே போவது வழக்கம், மேற்குக் காற்று பின்னாலிருந்து தள்ளும் என்பதற்காக. சிங்கப்பூருக்குத் திரும்பும்போது அட்லாண்டிக்கைக் கடந்து மறுபடியும் கிழக்கு நோக்கியே பறக்கும் நாட்களும் நிறைய. போய்வந்து முடிக்கும்போது பூமியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றியிருப்பார்கள்.